வேணாம்சாமியின் சொத்து விவரம்

பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மூன்றாவது ஷட்டர் முத்திரையம்மாவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பத்திர எழுத்தர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக முத்திரைத்தாளோடு மல்லுக்கட்டுகிறவளைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? வீடு வாங்குகிறவர், விற்கிறவர், பாகம் பிரிக்க வந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் அண்ணன் தம்பிகள், எல்லாரும் முதலில் அவளிடம்தான் பேனா கேட்பார்கள். பேனாவைக் கொடுப்பாள், மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வாள். மூடி இல்லாத பேனாவை யாரும் ஞாபகமறதியாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவதில்லை.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. இந்தக் கதை முழுவதும் அந்த இரண்டால் வந்ததுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் அதைப் பிரித்து அடுக்குவாள். அசையாச் சொத்து மேலே, அசையும் சொத்து கீழே, இரண்டிலும் சேராதது கடைசியில். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சொத்து விவரம் அப்படித்தான் வரும். இத்தனை வருடம் அதையே தட்டித் தட்டி, கடைக்குப் போகும் சீட்டைக்கூட அப்படித்தான் எழுதினாள். கதவுத் தாழ்ப்பாள் மேலே, உப்பும் சோப்பும் கீழே. பக்கத்து ஷட்டரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் அந்தச் சீட்டை ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, உப்புக்கு நாலு எல்லை போடலையா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. உப்புக்கு எதற்கு எல்லை, அது அசையும் சொத்து என்றாள்.

இரண்டாவது பழக்கம், சுத்தப்பிரதி எடுத்ததும் கச்சாப்பிரதியை நாலாகக் கிழித்துப் போட்டுவிடுவாள். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அண்ணன்காரர் அவளுடைய மேசையிலிருந்து பழைய கச்சாவை நைசாக எடுத்துப் போய், அதில்தான் தன் பங்கு சரியாக இருக்கிறது என்று ஒன்பது வருடம் வழக்கு நடத்தினார். சாட்சிக்கூண்டில் அவளை ஏற்றி, இரண்டு தாளையும் காட்டி, "இதுல எதும்மா நிஜம்?" என்று நீதிபதி கேட்டார். இரண்டும் அவள் கையால் எழுதியது. அன்றிலிருந்து கிழிப்புதான்.

மற்றபடி அவளுக்குத் தொழிலில் பயம் கிடையாது. எவ்வளவு பெரிய தப்புக்கும் ஒரு பத்திரம் இருக்கிறது, பிழைத்திருத்தல் பத்திரம் என்று பெயர். வடக்கைத் தெற்கு என்று அடித்துவிட்டாலும், அப்பாவைத் தாத்தாவாக்கிவிட்டாலும், இரண்டு தரப்பும் வந்து கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும். இப்படித் தப்பைத் திருத்தியே அவள் ஒரு தலைமுறைக்குச் சாப்பிட்டுவிட்டாள்.

அவளுடைய தம்பியோ நேர் எதிர். தெரு அவனுக்கு வைத்த பெயர் வேணாம்சாமி. அரசாங்கம் வேணாம், வங்கி வேணாம், வரி வேணாம், பத்திரம் வேணாம், முத்திரை வேணவே வேணாம். மனிதர்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டால் போதும், நடுவில் நாற்காலி போட்டு ஒருவன் எதற்கு என்பான். கேட்கிறவர்களுக்கு அது சரி போலவும் இருக்கும், கோபமும் வரும். "உன் அக்கா சோத்துல மண்ணைப் போடத்தான் பொறந்தியா?" என்று அவள் கேட்பாள். "உனக்கு வேற வேலை பாத்துத் தரேன் முத்திரை" என்று சிரிப்பான். அவனுக்கே நிலையான வேலை கிடையாது என்பது வேறு விஷயம். கோழிப்பண்ணை வைத்தான், சோலார் விளக்கு விற்றான், எல்லாம் ஆரம்பிக்கும்போது வானத்தை வில்லாய் வளைப்பான், முடியும்போது சத்தமே இருக்காது. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு ஏழு வயதாகும்போது வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டாள். பெண்ணை அவனே வளர்த்தான். அதை மட்டும் பாதியில் விடவில்லை.

பெற்றவர்களின் வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டபோது, அக்கா தன் பாதியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கி, பதிந்து, பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டினாள். தம்பி தன் பாதியைக் கிரிப்டோ காசாக மாற்றினான். கையில் பிடிக்க முடியாத காசு, எந்த நாட்டு அரசும் அச்சடிக்காத காசு. அதைக் கொடுத்துக் கட்டடத்தில் ஒரு வீடு வாங்கினான்.

கட்டடம் என்றால் கட்டடம்தான், அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பதினெட்டு வீடு, நாலு மாடி. அவனைப் போன்ற வேணாம்சாமிகள் பதினெட்டுப் பேர் சேர்ந்து, தலைவர் இல்லாமல், செயலாளர் இல்லாமல், பத்திரம் இல்லாமல் நடத்துகிற இடம். யாருக்கு எந்த வீடு என்பது ஒரு கணினிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சமயத்தில் கிடப்பதால் எவனும் அழித்து எழுத முடியாது. ரகசியச் சாவி யாரிடமோ அவரே வீட்டுக்காரர். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சாவியால் 'நான் இருக்கிறேன்' என்று ஒப்பம் போட வேண்டும். நூற்றெண்பது நாள் ஒப்பம் வராவிட்டால் வீடு தானாக ஏலத்துக்குப் போகும், கதவுப் பூட்டும் தானாக மாறும். மனிதன் கை படவே படாது. "லஞ்சம் கிடையாது, சிபாரிசு கிடையாது, நாளைக்கு வா கிடையாது" என்று பூரித்துப் போனான் தம்பி. அவள் பல வருடமாக 'நாளைக்கு வா' கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அதனால் அன்றைக்கு அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஒரு மத்தியானம் அவன் ஷட்டருக்கு வந்து ஒரு தாளை நீட்டினான். கரண்டு பில்லின் பின்பக்கம். பென்சிலில் கோணல்மாணலாக ஆங்கில வார்த்தைகள், ஒன்றை அடித்து மேலே ஒன்று, எண் போடாமல்.

"இந்தா முத்திரை. என் சொத்து முழுக்க இதுல இருக்கு."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். குடை, சுவர், கரண்டி, ஆறு, ஆந்தை என்று என்னென்னவோ இருந்தது. "என்னடா இது, ஒண்ணாங்கிளாஸ் புத்தகமா?"

"சிரிக்காத. இருபத்து நாலு வார்த்தை, இதுதான் சாவி. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பா கிட்ட குடு. அப்படியே வெச்சுக்கோ."

"பத்திரம் வேணாம்னு கத்தறவன் பத்திரம் எழுதறவகிட்டயே கொண்டு வரியே, வெக்கமா இல்ல?"

"ஊர்லயே நான் நம்பற ஒரே ஆபீஸ் நீதான்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய டம்ளரிலிருந்த மிச்சக் காப்பியையும் குடித்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது, பொய் சொல்வானேன். தம்பி வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அன்று வந்த கிரயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கெட்டியான நல்ல தாளில் தட்டி அச்செடுக்க உட்கார்ந்தாள். சொத்து முழுக்க இதில் இருக்கிறது என்றானே, அப்படியானால் இது சொத்து விவரம். சொத்து விவரத்தை எப்படி எழுதுவது என்று அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? சுவர், ஆறு, குன்று, பாலம் மேலே. ஒரு வரி இடைவெளி. கரண்டி, குடை, நாற்காலி, ஆந்தை கீழே. இன்னொரு வரி இடைவெளி. சந்தோஷம், ஓட்டம், மெதுவாக என்று இருந்ததெல்லாம் கடைசியில். ஆந்தையை மட்டும் எங்கே போடுவது என்று கொஞ்சம் யோசித்தாள். இருபத்து நாலையும் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தாள். ஒரு வார்த்தை விடவில்லை, ஓரெழுத்து மாற்றவில்லை. பிறகு கரண்டு பில்லை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி செத்துப்போனான். ஐம்பத்தொரு வயது. கட்டடத்தின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் பல்பு எரியவில்லை, பதினெட்டுப் பேரில் அது யாருடைய வேலையும் இல்லை, இவன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். நெஞ்சு நின்றதால் விழுந்தானா, விழுந்ததால் நெஞ்சு நின்றதா என்று டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை. அந்தச் சாவி இருந்த கைபேசி சட்டைப்பையிலிருந்து படிகளில் உருண்டு சில்லு சில்லாகிவிட்டது. புது பல்பு மட்டும் உடையாமல் கையிலேயே இருந்தது.

முத்திரையம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஒரு படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஷட்டரைத் திறந்தாள். வந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள், ஆமாம் ஆமாம் என்றாள். காலில் ஊசி குத்தினால்கூடத் தெரியாது போலிருந்தது. இது சரியில்லை, அழுதால் நல்லது என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் சொன்னார். வந்தால் அழுகிறேன் என்று பதில் சொன்னாள்.

தம்பி பெண்ணான மருமகளும் அழவில்லை. இருபத்தெட்டு வயது, பல் செட்டு வார்க்கும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய வாய்க்கோ பல் செய்து, விரல் நகத்துக்குள் வெள்ளை மாவோடு கட்டடத்து வீட்டுக்குத் திரும்புவாள். அந்த வீட்டில்தான் அவள் பத்து வருடமாக இருக்கிறாள். அப்பா போனதும் அது அவளுடையது. அதை அவள் பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அத்தைக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. இறப்புச் சான்றிதழ் வாங்கினாள், வாரிசுச் சான்றிதழ் வாங்கினாள், ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒப்பம் வாங்கினாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மருமகளோடு கட்டடத்துக்குப் போனாள். தலைவர் இல்லாத இடத்தில் யாரைப் பார்ப்பது? கீழ்வீட்டில் பைப்புக்காரர் இருந்தார். குழாய் வேலை செய்பவர், நல்ல மனிதர், தம்பியின் சினேகிதர். கட்டடத்துக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக, மரியாதையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க இது செல்லாது."

"செத்தது செல்லாதா?"

"செத்தது எனக்குத் தெரியும்மா, நான்தான் தூக்கினேன். ஆனா அந்தக் கணக்குக்கு சாவி மட்டும்தான் தெரியும். ஆள் யாருன்னே அதுக்குத் தெரியாது."

"நீங்க பதினேழு பேர் சேர்ந்து, இவதான் அவர் பொண்ணுன்னு சொன்னா?"

பைப்புக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தறதுக்கு வழியே வெக்காம செஞ்சதும்மா. வழி வெச்சா, அப்புறம் நாங்களும் ஒரு அரசாங்கம் ஆயிடுவோம். உங்க தம்பிதான் அதுல ரொம்பப் பிடிவாதமா இருந்தார்."

பதிவு அலுவலகத்திலும் கேட்டாள். உள்ளே நாற்காலியிலிருந்த பதிவாளர், அவளுக்கு இருபது வருடப் பழக்கம், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த நிலம் மொத்தமும் எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியின் பெயரில் கிடக்கிறது, அதில் மூன்றாவது மாடி என்று ஒன்றே இல்லை என்றார். மருமகள் பத்து வருடமாகத் தூங்கி எழுந்த அறை அரசாங்கத்தின் கணக்கில் வெறும் ஆகாயம்.

ஆனாலும் இரண்டு பேரும் பதறவில்லை. சாவிதான் இருக்கிறதே. பீரோவிலிருந்து உறையை எடுத்து, பிரித்து, முத்திரையம்மா அந்தக் கெட்டித்தாளை மருமகள் கையில் கொடுத்தாள். "உங்கப்பா எங்கிட்ட குடுத்தது. பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப்புக்காரர் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மருமகள் ஒவ்வொரு வார்த்தையாகப் படிக்க, பைப்புக்காரர் ஒற்றை விரலால் தட்டினார். சுவர். ஆறு. குன்று. பாலம். இருபத்து நாலும் முடிந்தது. சிவப்பில் ஒரு வரி வந்தது, தவறு என்று. கை தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினார். மறுபடி அதே சிவப்பு. மூன்றாம் முறை மருமகளே தட்டினாள்.

"வார்த்தையெல்லாம் சரியான வார்த்தைதான்" என்று பைப்புக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "வரிசை ஒண்ணு மாறினாலும் திறக்காது. எழுதிக் குடுக்கும்போதே அவர் தப்பா எழுதிட்டாரோ என்னவோ."

முத்திரையம்மா மேசையிலிருந்த தாளைப் பார்த்தாள். சுவர், ஆறு, குன்று, பாலம். ஒரு வரி இடைவெளி. அவளுடைய இடைவெளி. பயம்கூட வரவில்லை. கூடையில் விழுந்த கரண்டு பில் துண்டு நாலும் மட்டும் கண்முன்னால் நின்றன. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

மருமகள் எழுந்தாள். "தெரியும்" என்றாள். "கோழிப்பண்ணை மாதிரி, சோலார் லைட் மாதிரி. கடைசியா எனக்குன்னு குடுத்ததையும் அரைகுறையாத்தான் குடுத்திருக்கார்."

அத்தை அதற்கும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே அவள்மேல் எரிச்சல் வருகிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை!

மறுநாள் பக்கத்து ஷட்டரில் போய்க் கேட்டாள், யாருக்கோ நடந்தது போல. வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன, வரிசை மட்டும் போய்விட்டது, கம்ப்யூட்டர் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா? ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வார்த்தைன்னா முக்கி முனகி முடிச்சிடலாம். இருபத்து நாலா? உலகத்துல இருக்கற கம்ப்யூட்டரையெல்லாம் உக்கார வெச்சாலும் நம்ம காலத்துல நடக்காதும்மா. அந்தப் பழைய தாள் எங்க?"

"கிழிச்சிட்டாங்களாம்."

"எந்த மகராசன் கிழிச்சான்?"

அவள் தன் ஷட்டருக்குத் திரும்பி வந்து, வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, அன்று பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். இடது மூலையில் குடை. அதற்குப் பக்கத்தில் ஏதோ அடித்திருந்தது. கரண்டிக்கு மேலே ஆந்தையா, கீழேயா? இரண்டு வாரம் தினமும் எழுதினாள், தினமும் வேறு மாதிரி வந்தது. எழுதியதையெல்லாம் பழக்கதோஷத்தில் கிழித்தாள். அதற்குள் கிரயம் எழுத வந்தவர்களுக்கு இரண்டு தப்பு செய்தாள், இரண்டையும் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்தாள். தம்பியின் கட்டடத்தில் அந்தப் பத்திரம் கிடையாது. அங்கே எதிர்த்தரப்பு என்று கையெழுத்துப் போட ஆளே இல்லை.

தம்பி கடைசியாக ஒப்பம் போட்டதிலிருந்து நூற்றெண்பதாவது நாள் ஒரு புதன்கிழமை. பைப்புக்காரர் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார், அவரால் முடிந்தது அதுதான். மருமகள் அரைநாள் லீவு போட்டாள். இரண்டு சூட்கேஸ், ஒரு மெத்தை, அப்பாவின் புகைப்படம், அட்டைப்பெட்டியில் பாத்திரங்கள், எல்லாம் நடைவழியில் வந்தன. பதினொன்றே முக்காலுக்குக் கதவை ஒருமுறை திறந்து காலி அறையைப் பார்த்துவிட்டுச் சாத்தினாள். பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் பூட்டு 'டிக்' என்றது. அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் தள்ளவில்லை, ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் ஏலத்தில் வாங்கிவிட்டார். மருமகள் அதுவரை கதவைத் திறந்துகொண்டிருந்த தன் கைபேசியைக் காட்டிப் பார்த்தாள், பூட்டு திறக்கவில்லை. பைப்புக்காரர் மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அத்தைக்கும் மருமகளுக்கும் இல்லை. படிக்கட்டில் அந்த பல்பு இன்னும் போடப்படாமல்தான் இருந்தது.

மருமகள் அத்தையின் இரண்டாவது அறைக்கு வந்தாள். புகைப்படத்தை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அத்தை துடைக்கும்போது நிமிர்த்தி வைப்பாள், சாயங்காலத்துக்குள் அது திரும்பக் கவிழ்ந்திருக்கும். சாப்பிடும்போது சில நாள் மருமகள் பேசுவாள், பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"ஒரு நாளாவது எனக்குன்னு உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்காரா அத்தை? நீங்களே சொல்லுங்க."

"சாப்பிடு பாப்பா."

"இருபத்து நாலு வார்த்தை. அதைக்கூட ஒழுங்கா எழுதிக் குடுக்க முடியல."

"சாதம் ஆறுது பார்."

இப்படி நாலு மாதம். முத்திரையம்மா உடம்பு இளைத்துவிடவில்லை, தூக்கம் கெடவில்லை. காலையில் ஷட்டரைத் திறந்தாள், பேனா கொடுத்தாள், மூடியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே எதுவும் அசையவில்லை. மரத்துப்போன கையை மற்றவர் கை போலப் பார்ப்போமே, தன்னையே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள், வேலை இல்லாத மத்தியானத்தில், தன் வீட்டை மருமகளுக்கு எழுதி வைக்க உட்கார்ந்தாள். தான செட்டில்மென்ட். தன் ஆயுசு வரை ஒரு அறையில் இருந்துகொள்ளலாம், மற்றபடி வீடு அவளுடையது. இந்தப் பத்திரத்தில் காரணம் சொல்கிற வரி ஒன்று வரும். 'தங்கள்மேல் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு.' அதை அவள் ஆயிரம் முறை தட்டியிருப்பாள். அடிதடியில் இருந்த மாமியாருக்கும் மருமகளுக்கும்கூடத் தட்டியிருக்கிறாள். அன்று விரல் அங்கே வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இப்படித் தட்டினாள்:

'தங்கள் தகப்பனார் சரியாக எழுதி என் வசம் ஒப்படைத்த இருபத்து நான்கு சொற்களை, நான் சொத்து விவரம் என்று எண்ணி, அசையாச் சொத்து, அசையும் சொத்து, இதர என்று பிரித்து வரிசை மாற்றி எழுதி, அவர் கைப்பட எழுதிய அசலை என் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டபடியாலும், அதனால் தங்கள் வீடு தங்களுக்கு இல்லாமல் போனபடியாலும், இது தெரிந்தும் நான் வாய் திறவாமல் இருந்தபடியாலும்.'

பதிவாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்களுக்கு நான் சொல்லணுமா? தானத்துக்கு அன்பு, பிரியம், இது ரெண்டுதான் காரணமா போடுவோம். இதை ஏத்துக்க எனக்கு வழி இல்ல. மாத்திட்டு வாங்க."

மாற்றினாள். அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு. சுத்தப்பிரதி அச்சாகி வந்தது. கச்சாவை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள், கிழிக்கிற மாதிரிதான் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை மருமகளை ஷட்டருக்கு வரச் சொன்னாள். பெற்றுக்கொள்கிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். மருமகள் வேலைக்குப் போகும் வழியில், தோளில் பையோடு வந்தாள். முத்திரையம்மா இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கையெழுத்து இதுல" என்று சுத்தப்பிரதியைக் காட்டினாள். கச்சாவைத் தொட்டாள். "ஆனா நிஜம் இதுல இருக்கு. முதல்ல இதைப் படி."

மருமகள் நின்றபடியே படித்தாள். ஒரு முறை. இன்னொரு முறை, விரலை வைத்து. விரல் 'சரியாக எழுதி' என்ற இடத்தில் நின்றுவிட்டது. வெளியே யாரோ பேனா கேட்டார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ அப்பா சரியாத்தான் எழுதிக் குடுத்தாரா?"

"ஒரு வார்த்தை தப்பில்ல பாப்பா."

"நாலு மாசமா அவரைத் திட்டிட்டிருந்தேன்." அவள் குரல் ஏறவில்லை. "உங்க பக்கத்துல உக்காந்துதான் திட்டினேன். சாதம் ஆறுதுன்னு சொன்னீங்க."

அத்தை பேனாவை நீட்டினாள், மூடி அவள் கையில் இருந்தது. மருமகள் பேனாவை வாங்கவில்லை. கச்சாவை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். வீடு கொடுக்கும் சுத்தப்பிரதி மேசையிலேயே கிடந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பல் கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் முத்திரையம்மா வீட்டுக்கு வந்தபோது மருமகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அலமாரியில் புகைப்படம் நிமிர்ந்து நின்றது. மருமகள் அதன் கண்ணாடியைத் துடைத்திருந்தாள். சட்டத்தின் பின்னால் மடித்த கச்சாவின் ஓரம் தெரிந்தது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான், யாருடைய காப்பியையோ குடித்துவிட்டு எழுந்து போகிறவன் போல.

அழுகை அப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தத்தை அடக்க அவளால் முடியவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்கும். மருமகள் வெளியே வரவில்லை.